ஊர் வரலாறு ஓர் அமானிதம்

வரலாறு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் பிள்ளைகளின் உள்ளத்தில் எழுவன பாக்தாதும் குர்துபாவும், டில்லியும் ஆக்ராவுமே. ஹாரூன் ரஷீதின் அவையை அவர்கள் அறிவர். தாரிக் பின் ஸியாத் கடல் கடந்த செய்தியையும் அறிவர். ஆயின், தாங்கள் நாள்தோறும் தொழுது வரும் பள்ளிவாசலின் தூணில் செதுக்கப்பட்டுள்ள எழுத்து என்ன சொல்கிறது என்று வினவினால் விழிக்கின்றனர்.

குற்றம் பிள்ளைகளுடையதன்று. பள்ளிக்கூடத்தில் அவர்கள் பாண்டியரைப் பயில்கின்றனர். மத்ரஸாவில் கலீபாக்களைப் பயில்கின்றனர். பாண்டிய நாட்டில் வாழ்ந்த தம் முன்னோரை எங்கும் பயில்வதில்லை. அதனால் விளையும் கேடு இரண்டு. 'நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?' என்று ஒருவர் கேட்கும்போது, மறுமொழி சொல்ல அப்பிள்ளைக்கு நாவெழுவதில்லை. அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. அப்பிள்ளையே நாளை வளர்ந்து பள்ளிவாசல் நிருவாகத்தில் அமரும்போது, பழங்கல்லைப் பெயர்த்தெறிந்து விட்டுப் பளிங்கு பதிக்க ஆணையிடும். தெரியாத பொருளின் அருமையை எவர் அறிவார்?

மத்ரஸாவில் பாடம் நடத்தி வரும் நாம் இதனை ஆழ்ந்து எண்ணிப் பார்த்ததுண்டு. ஊர் வரலாற்றைக் கற்பிக்கத் தனியே பெரும் நூல்கள் வந்து சேர வேண்டியதில்லை. நாம் பேசும் சொல்லிலும், உண்ணும் உணவிலும், வாழும் வீட்டிலும், அடக்கத்தலத்துக் கல்லிலும் அது கிடக்கிறது. அதனை எடுத்துச் சோதித்துக் கொடுக்கும் முறையோ, நம் இமாம்கள் ஹதீஸ் கலையில் நமக்கு விட்டுச் சென்றது. தென்பாண்டிக் கடற்கரையாகிய காயல், கீழக்கரைப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

சொல்லே முதற்பாடம்

முதற்பாடம் சொல்லிலிருந்து தொடங்கலாம். தொழுகை, நோன்பு, ஓதுதல், பெருநாள், பள்ளிவாசல் ஆகிய இவையனைத்தும் தூய தமிழ்ச் சொற்கள். 'பள்ளி' என்பது ஒரு காலத்தில் சமண பௌத்த முனிவர் தங்கிய இடத்தையும் குறித்தது. இன்று கல்விக்கூடத்தையும் குறிக்கிறது. இறைவனை வணங்கும் இடத்திற்கு நம் முன்னோர் இச்சொல்லையே எடுத்தாண்டனர். 'ஸலாத்', 'ஸவ்ம்' என்னும் அரபுச் சொற்களை அறியாதவர்களல்லர் அவர்கள். அறிந்திருந்தும் தாய்மொழியில் வழங்கினர் என்றால், இந்த மண்ணின் மக்களாகவே மார்க்கத்தைத் தழுவி வாழ்ந்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இதன் மறுபக்கத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அசல், நகல், வசூல், பாக்கி, வக்கீல், ஜாமீன், ஆஜர், ரத்து, அமுல், இனாம் என்னும் சொற்களை எல்லாச் சமயத்தாரும் நீதிமன்றத்திலும் கடைவீதியிலும் வழங்குகின்றனர். இவை அரபு மூலத்தன. பாரசீகத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட அரசுகளின் அலுவலகங்கள் வழியே தமிழுக்கு வந்தவை. ஆக, அரபுச் சொல் தமிழுக்குள் நுழைந்த வாயில் ஒன்றன்று. அரசின் வாயில் ஒன்று. கடலின் வாயில் மற்றொன்று.

கடல் வாயிலாக வந்த சொற்களுள் நம் நெஞ்சைக் கவர்ந்தது 'மாலுமி' என்பது. அரபியில் 'முஅல்லிம்' என்றால் கற்பிப்பவர். இந்துமாக்கடலில் ஓடிய கப்பல்களில் விண்மீனையும் காற்றையும் கணித்து வழிகாட்டியவரையும் முஅல்லிம் என்றே அழைத்தனர். பதினைந்தாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற அரபுக் கடலோடி அஹ்மத் இப்னு மாஜித் அத்தகைய முஅல்லிமே. அச்சொல்லே தமிழ்க் கடற்கரையில் மாலுமி ஆயிற்று. ஆசிரியரும் மாலுமியும் ஒரே சொல்லிற் பிறந்தவர் என்று கூறுங்கால், மாணவர் முகத்தில் தோன்றும் வியப்பே வரலாற்றுக்கு நுழைவாயில். அங்கிருந்து கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்னும் காற்றுகளின் பெயர்களுக்குச் செல்லலாம். பருவத்தைக் குறிக்கும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லே ஐரோப்பியர் வாயில் 'மான்சூன்' ஆனதையும் சொல்லலாம். எந்தக் காற்றில் பாய்மரக் கப்பல் வந்தது, எந்தக் காற்றுக்காக வணிகர் நம் கரையில் மாதக்கணக்கில் காத்திருந்தனர் என்று விளக்கினால், அவர்கள் இங்கு மணமுடித்துக் குடியேறிய காரணமும் தானே விளங்கும்.

கல் கூறும் சான்று

அடுத்தது கல். இராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணியில் புகழ்மிக்க வைணவத் திருக்கோயில் ஒன்றுள்ளது. அக்கோயிலிலுள்ள பாண்டியர் காலக் கல்வெட்டொன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் சோனகச் சாமந்தர் எழுப்பிய பள்ளிக்கு நிலங்கள் இறையிலியாக விடப்பட்ட செய்தியைக் கூறுகிறது. சோனகர் என்பது அரபு நாட்டாருக்கும் அவர்தம் வழியினருக்கும் தமிழர் வழங்கிய பெயர். அப்பட்டினம் இன்றைய பெரியபட்டினமே என்பது ஆய்வாளர் கருத்து. 1980களில் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா முதலியோர் அவ்வூரில் ஆராய்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன.

அன்பர்கள் ஈண்டுச் சற்றே நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளிவாசலுக்குரிய நிலத்தின் ஆவணம் கோயிற் கல்லில் இருக்கிறது! அந்நிலத்துக்குரிய பள்ளியைக் காலம் மறைத்திருக்கலாம். ஆயினும் அண்டை வீட்டார் அந்த ஆவணத்தைப் பல நூற்றாண்டுகளாகக் காத்து வந்திருக்கின்றனர். நம் வரலாற்றை அறிய அவர்கள் இல்லத்திற்கு நாம் செல்ல வேண்டியுள்ளது. நாகூருக்கு வந்தால் நிலைமை எதிர்மாறாகும். அங்குள்ள மினாராக்களுள் மிக உயர்ந்த, 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவைக் கட்டித் தந்தவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். அம்மன்னரின் வரலாற்றை எழுதுவோர் தர்காவிற்கு வர வேண்டும். ஊர் வரலாறு ஒரு சமூகத்தாருக்கு மட்டும் உரிய தனிச்சொத்தன்று என்பதைப் பிள்ளைகள் இவ்வாறே உணர்வர்.

காயல்பட்டினத்திலும் இத்தகைய சான்றுண்டு. வேணாட்டு அரசர் உதயமார்த்தாண்டரின் பெயரால் அங்கு ஒரு பள்ளி 'உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி' என வழங்கியதையும், துறைமுகத்தில் ஏறி இறங்கும் சரக்குகளின் மீதான வரியில் ஒரு பங்கு அப்பள்ளிக்கு விடப்பட்டதையும் கல்வெட்டு உரைக்கிறது. கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியிலோ, திராவிடக் கட்டடக் கலையின் சாயல் பொருந்திய கல்தூண்களையும் போதிகைகளையும் காணலாம். உருவச் சிற்பம் மட்டும் இல்லை. அதற்கு ஈடாகப் பூவும் கொடியும் உள்ளன. தமிழ்நாட்டுச் சிற்பியின் உளியும் இஸ்லாமியக் கொள்கையும் ஒரே தூணில் உடன்பட்டு நிற்பதைப் பிள்ளைகள் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

அடக்கத்தலத்து மீசான் கற்களும் அத்தகையனவே. அவற்றைப் படிக்க ஹிஜ்ரி ஆண்டைக் கி.பி. ஆண்டாக்கத் தெரிய வேண்டும். 33 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறத்தாழ 32 சூரிய ஆண்டுகளுக்குச் சமம். ஆதலால் ஹிஜ்ரி ஆண்டை 33ஆல் வகுத்து, வந்த ஈவை அதிலிருந்து கழித்து, 622ஐக் கூட்டினால் போதும். ஹிஜ்ரி 800 என்று கல்லில் கண்டால், 24ஐக் கழித்து 622ஐக் கூட்ட 1398 வரும். அந்த ஹிஜ்ரி ஆண்டு 1397 செப்டம்பரில் தொடங்கி 1398 செப்டம்பரில் முடிந்தது. கணக்கு ஓராண்டு முன்பின்னாக அமையும், அவ்வளவே. எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரும் 'அப்ஜத்' முறையில் ஆண்டைச் செய்யுளுக்குள் பொதிந்து வைப்பதும் அரபுப் புலவர் வழக்கம். இதற்குப் பயிற்சி, கடைச்சிட்டையின் தலைப்பில் காணும் 786 என்னும் எண்ணே. 'பிஸ்மி' 102, 'அல்லாஹ்' 66, 'அர்ரஹ்மான்' 329, 'அர்ரஹீம்' 289 எனப் பிள்ளைகளே கூட்டிப் பார்க்கட்டும். அந்த எண்ணை எழுதலாமா, கூடாதா என்பது வேறு பாடம். எப்படி வந்தது என்பது வரலாற்றுப் பாடம்.

அடுக்களையும் இல்லமும்

வரலாறு அரசரோடும் ஆலிம்களோடும் முடிந்துவிடுவதில்லை. கீழக்கரையில் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் தொதல் என்னும் இனிப்பை அறியாதார் இலர். மலாய் நாட்டிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் 'டோடோல்' என்ற பெயரில் அதே பண்டம் உண்டு, இலங்கையிலும் உண்டு. அடுக்களைச் சட்டியிலிருந்து ஒரு கோடு கிழித்தால் அது கொழும்பைத் தொட்டு மலாக்கா வரை போகிறது. ஆடவர் இடையிற் கட்டும் சாரமும் மலாய் மொழியின் 'சாரோங்' என்ற சொல்லை நினைவூட்டுவதே. நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி எங்கிருந்து வந்தது, பள்ளிக்கு அதனை யார் அளித்தனர், முன்னாளில் கஞ்சி காய்ச்சியவர் யார், அதனை வாங்கிச் சென்ற அண்டை அயலார் யார் என்று மாணவர் கேட்டு எழுதினால், ஊரின் பொருளியலும் நல்லுறவும் ஏட்டில் வந்துவிடும்.

இல்லமும் அவ்வாறே பாடம் சொல்லும். காயலிலும் கீழக்கரையிலும் மணமான பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழ்வதும், பெண்ணுக்கு வீடு கொடுப்பதும் வழக்கம். ஏனைய ஊரார் இதனை வியப்பர். கடல் வணிகத்தின் நிழல் இவ்வழக்கத்தில் படிந்திருப்பதைக் காண்கிறோம். ஆடவர் மாதக்கணக்கில் கடலிலும் அயல்நாட்டிலும் கழித்த சமுதாயத்தில், மனைவி மக்களை அவளுடைய தாயாரின் அரவணைப்பில் விட்டுச் செல்வதே பாதுகாப்பாக இருந்தது. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே பெண்கள் போய்வர அமைந்த குறுகிய 'முடுக்கு'களும், வாப்பாவின் வாப்பாவை 'அப்பா' என்றும், மூத்தவரைக் 'காக்கா', 'ராத்தா' என்றும் அழைக்கும் முறையும் ஊரின் அமைப்பையும் உறவையும் காட்டுவன. பிற ஊராருக்கும் இத்தகைய சான்றுகள் உண்டு. பத்தமடையார்க்குக் கோரைப்பாயும், வாணியம்பாடி, ஆம்பூர் மக்களுக்குத் தோல் பதனிடும் தொழிலும் பாடமாகலாம்.

பேழையிற் கிடக்கும் அரபுத்தமிழ்

நம் இல்லங்களில் துணியிற் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைக்கப்பட்டிருக்கும் பழைய கிதாபுகள் பல, அரபு எழுத்தில் அமைந்த தமிழ் நூல்கள். ட, ண, ள முதலிய தமிழ் ஒலிகளுக்கும் எகர ஒகரங்களுக்கும் அரபியில் எழுத்தில்லை. ஆதலால் இருக்கும் எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய வடிவங்களை நம் ஆலிம்கள் அமைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் அரபுத்தமிழுக்கு ஆற்றிய தொண்டு அளப்பரியது. அன்னாரின் 'ஃபத்ஹுத் தய்யான்' என்னும் மார்க்கச் சட்டநூல் அவ்வெழுத்திலேயே அமைந்தது. குர்ஆன் ஓதக் கற்றிருந்தும் தமிழெழுத்து அறியாதிருந்த எண்ணற்ற தாய்மார்களுக்கு அரபுத்தமிழே கல்விக் கண் திறந்தது.

இன்று அதனைத் தடையின்றி வாசிக்க வல்லவர் மிகச் சிலர். அவர்களும் முதுமை எய்திவிட்டனர். இங்கே ஒரு செய்தியை வருத்தத்தோடு குறிக்க வேண்டியுள்ளது. அரபெழுத்துள்ள தாள் சிதைந்தால் காலில் மிதிபடலாகாதென்று கிணற்றிலோ ஆற்றிலோ இடுவது நம் வழக்கம். மரியாதை கருதிய செயலே அது. ஆனால் அவ்வெழுத்தில் இருப்பன யாவும் இறைவசனம் அல்ல. இரங்கூனிலிருந்து வந்த வணிகக் கடிதமும், கொழும்புக் கடையின் கணக்கும், பாட்டி எழுதிவைத்த மருந்துக் குறிப்பும் அரபுத்தமிழில் இருந்திருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர் இல்லாமையால் அவையும் புனிதத் தாள்களோடு நீரிற் கரைந்தன. மரியாதையே அழிவுக்குத் துணைபோன விந்தை இது! நீரில் இடுமுன் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் படிக்க வல்ல தலைமுறை ஒன்றை நாம் உருவாக்க வேண்டும்.

அறிவிப்பைச் சோதித்தல்

திரட்டுவது ஒரு பாதி, சோதிப்பது மறுபாதி. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் மொழி என்று யார் எதைச் சொன்னாலும் நம் இமாம்கள் ஏற்றுக்கொண்டாரல்லர். யார் சொன்னார், யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தது உண்டா, நினைவாற்றல் உடையவரா என்று ஆராய்ந்தனர். அறிவிப்பாளர் தொடரை மட்டுமன்றி, சொல்லப்பட்ட செய்தியையும் ஆராய்ந்தனர். அந்த நுட்பத்தை ஊர் வரலாற்றுக்குப் பயன்படுத்துவதில் தடையென்ன?

காட்டாக, இத்தாலியப் பயணி மார்க்கோ போலோ 1292ஐ ஒட்டிப் பாண்டிய நாட்டுக்கு வந்து, 'காயில்' என்னும் பெரும் பட்டினத்தையும், அங்கு ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளோடு வந்த கப்பல்களையும் வருணித்தார். அது காயல்பட்டினமே என்று நம்மவர் மகிழ்வோடு கூறுவர். ஆனால் 1881இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல் பாதிரியார், தாமிரபரணி முகத்துவாரத்தை அடுத்த பழையகாயலே அது என்று கொண்டார். அங்குச் சிதறிக் கிடந்த சீன, அரபு நாட்டு மட்கல ஓடுகளையும் சான்று காட்டினார். ஆறு கொணர்ந்த மண்ணால் கடல் விலக, துறைமுகங்கள் இடம் மாறிய கரை இது. இருதரப்புக் கருத்தையும் மாணவர் முன் வைத்து, ஆற்றின் போக்கைப் படத்தில் வரையச் செய்து, சிந்திக்க விடுவதே முறை. பெருமைக்காக முடிவு கட்டுவது கல்வியாகாது.

எண்களுக்கும் இதே விதி. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டியர் அவையில் அமைச்சராக விளங்கிய தக்கியுத்தீன் அப்துர் ரஹ்மானைப் பற்றியும், அவர் உடன்பிறந்தவரான கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பியதையும் எழுதுகிறார். வளைகுடாத் துறைமுகங்கள் பலவற்றிலிருந்தும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும் அவர் கூறுகிறார். இவ்வெண்ணைக் கண்டவுடன் இப்னு கல்தூனை (1332–1406) நினைவுகூர வேண்டும். பெரும் படைகளைப் பற்றிய எண்களை நாட்டின் பரப்போடும் மக்கள் வாழ்வின் இயல்போடும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எழுதுவோரை அவர் தம் 'முகத்திமா'வில் கண்டித்திருக்கிறார். ஒரு கப்பலில் எத்தனை குதிரை ஏறும், எத்தனை கப்பல் வேண்டும், ஆண்டுதோறும் இத்தனை குதிரைகள் ஏன் தேவைப்பட்டன? கடைசி வினாவுக்கு மார்க்கோ போலோவிடம் ஒரு விடை உண்டு. குதிரை வளர்க்கும் பக்குவம் அறியாமல் சோற்றோடு இறைச்சியைச் சமைத்து ஊட்டியதாகவும், குதிரைகள் விரைவில் மடிந்ததாகவும் அவர் எழுதுகிறார். அதுவும் அயலார் கூற்றே. அதனையும் சோதிக்க வேண்டும்.

செத்துங் கொடுத்த சீதக்காதி என்னும் வழக்கையும் இவ்வாறே அணுகலாம். மறைந்த வள்ளல் கல்லறையிலிருந்து கைநீட்டிப் புலவருக்கு மோதிரம் அளித்தார் என்பது கதை. கீழக்கரையில் பதினேழாம் நூற்றாண்டில் ஷெய்கு அப்துல் காதிர் என்னும் வணிகப் பெருமகனார் வாழ்ந்தார் என்பதும், உமறுப்புலவரின் 5,027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணத்தின் தொடக்கத்துக்கு அவர் துணைநின்றார் என்பதும், அவருக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார் என்பதும் இலக்கிய வரலாறு. கதையைக் கதையென்றே சொல்லுங்கள், ஆனால் தள்ளிவிடாதீர்கள். புலவரைப் போற்றிய ஒருவரைச் சமய வேறுபாடின்றித் தமிழ்நாடு மறக்கவில்லை என்பதற்கு அக்கதையே சான்று. சஹாபாக்களின் காலத்திலேயே நம் ஊருக்கு இன்னார் வந்தார் என்பன போன்ற செவிவழிச் செய்திகளையும் செவிவழிச் செய்தி என்றே குறித்துக் கற்பித்தல் வேண்டும்.

ஈர் ஐயங்கள்

இதனைக் கேட்கும் பெரியோர் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். பழைய சடங்குகளையும் வழக்கங்களையும் பிள்ளைகளுக்குச் சொன்னால், மார்க்கத்தில் இல்லாதவற்றை வளர்ப்பதாகாதா? அன்று. 'இப்படி இருந்தது' என்பது வரலாறு. 'இப்படி இருத்தல் வேண்டும்' என்பது ஃபிக்ஹு. இரண்டையும் கலவாமல் கற்பிப்பது ஆசிரியர் கடமை. அழிந்த சமூகங்களின் சுவடுகளையே பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று திருமறை பலகால் நம்மைத் தூண்டுகிறது. நம் முன்னோரின் சுவடுகளைப் பார்ப்பதில் என்ன தடை?

மற்றோர் ஐயம், இது குலப்பெருமைக்கு வித்திடுமோ என்பது. இந்த அச்சம் நியாயமானது. மரைக்காயர், லெப்பை, ராவுத்தர் என்று பிரிந்து, எம் குடி உயர்ந்தது எனப் பேச இப்பாடம் பயன்படுமாயின், கற்பிக்காதிருத்தலே நன்று. முத்துக் குளித்தவர், தோணி வலித்தவர், பாய் முடைந்தவர், கல் சுமந்தவர், மாலைகளை மனப்பாடமாகப் பாடிப் பேணிய தாய்மார் ஆகிய இவர்கள் பெயரும் உழைப்பும் ஏட்டில் ஏறினால்தான் அது ஊர் வரலாறு. இல்லையேல் அது நாலு வீட்டுச் சரித்திரமே.

செய்யத் தக்கன

பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாள் அஸருக்குப் பின் ஆசிரியர் ஒருவர் பத்துப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கும் அடக்கத்தலத்துக்கும் செல்லட்டும். மாலை வெயில் சாய்ந்து விழுகையில் தேய்ந்த எழுத்தும் தெளிவாகத் தெரியும். அப்போதே கைப்பேசியால் படமெடுக்கலாம். கல்லைச் சுரண்டுதலும், சுண்ணாம்போ எண்ணெயோ பூசுதலும் ஆகா. பெண்பிள்ளைகள் வீட்டு முதியோரிடம் அமர்ந்து தாலாட்டையும் பழஞ்சொற்களையும் எழுதிக்கொள்ளட்டும். ஒவ்வொரு செய்தியின் கீழும் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று குறிக்கட்டும். பள்ளிவாசலைப் புதுப்பிக்கும் நிருவாகத்தினர், ஒரு கல்லைப் பெயர்க்குமுன் அதனைப் படமெடுத்து, எழுத்தறிந்தவரிடமும் தொல்லியல் துறையினரிடமும் காட்டுவதை விதியாகக் கொள்ளட்டும்.

அமானிதம் என்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிறர் பொருள். ஊர் வரலாறும் அத்தகையதே. அது முன்னோர் ஒப்படைத்தது. பின்வரும் மக்களுக்கு உரியது. இடையில் காப்பவர் மட்டுமே நாம். அதில் நம் விருப்பத்திற்கு ஒன்றைக் கூட்டுவதும் துரோகம். அக்கறையின்மையால் ஒன்றை இழப்பதும் துரோகம். நம் பிள்ளைகளை இப்பெருங்கடலில் வழிநடத்தும் நல்ல முஅல்லிம்களாக நம்மை ஆக்கி, அமானிதத்தை உரியவரிடம் குறைவின்றிச் சேர்க்கும் பேற்றினை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.